ஊர் பெயரில் நான் எழுதிய வார்த்தை

போன மாதம் எங்கள் தெருமுனை டீக்கடையில் பெரிய விவாதம். எங்கோ நடந்த ஒரு கொலையில் பிடிபட்டவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றுகிற காட்சியைக் கைபேசியில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிரிக்கிறான் பாரு, நல்லா பாரு" என்றார் ஒருவர்.

"அது சிரிப்பு இல்லபா, வெயிலுக்குக் கண்ண சுருக்கிக்கினு கீறான்" என்றார் இன்னொருவர்.

கடைசியில் என் பக்கம் திரும்பினார்கள். "சார் பேப்பர்ல இருந்தவரு. எத்தினி கேஸ் பாத்திருப்பாரு! சொல்லுங்க சார், மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடுமில்ல?"

நான் எழுந்து வந்துவிட்டேன். கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது. கிழவருக்கு என்ன கோபமோ என்று நினைத்திருப்பார்கள். கோபமெல்லாம் இல்லை. அந்தக் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில் நீளமானது. அதை வாயால் சொல்கிற தைரியம் எனக்கு இத்தனை வருடங்களில் வந்ததில்லை. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சென்னையிலிருந்து வந்த ஒரு மாலைப் பத்திரிகையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். முதல் இரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கொம்பும் துணைக்காலும் தலைகீழாகக் கோத்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டது. வேறொன்றும் பெரிதாகக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது. பிறகு கும்மிடிப்பூண்டிக்கு நிருபராக அனுப்பினார்கள். மீஞ்சூரிலிருந்து ஆந்திர எல்லை ஆரம்பாக்கம் வரை, கிழக்கே பழவேற்காடு ஏரி வரை, எல்லாம் என் எல்லை. ஒரு சைக்கிள், ஒரு துணிப்பை, அரைத்தாள் கட்டு ஒன்று. லாரி கவிழ்ந்தது, படகு கவிழ்ந்தது, பாம்பு கடித்தது, பொன்னேரிச் சந்தையில் அடிதடி. இவைதான் என் செய்திகள். அறுபதுகளின் பின்பாதி அது. நெல் வயலுக்கு நடுவில் ஒன்றிரண்டு கம்பெனிகளின் தகரக் கூரைகள் அப்போதுதான் எழும்பத் தொடங்கியிருந்தன.

காலை ஏழு மணிக்கு நான் போகிற முதல் இடம் போலீஸ் ஸ்டேஷன். அங்கே முனிரத்தினம் என்ற ஏட்டு, எழுத்து வேலை பார்ப்பவர். அவரை எல்லோரும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வழக்குக் காகிதத்தை என் கையில் தரமாட்டார். தனக்குத்தானே படித்துக்கொள்வது போல வாய்விட்டுப் படிப்பார். "நான் எனக்குத்தான் படிச்சிக்கினு கீறேன் நைனா. உங்க காதுல உழுந்தா நான் இன்னா பண்றது?" என்பார். கேட்டதை ஸ்டேஷன் வாசலிலேயே நின்று அரைத்தாளில் எழுதுவேன். ஒரு தாளில் ஒரு செய்திதான், ஒரு பக்கம்தான், இரண்டு வரிக்கு நடுவில் விரல்கடை இடம் விட வேண்டும். எட்டே முக்கால் பாசஞ்சர் ரயிலின் கார்டு கையில் கவரைக் கொடுத்தால் சென்ட்ரலில் எங்கள் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். ரயிலைத் தவறவிட்ட செய்தி பெரிதாக இருந்தால் தபால் ஆபீஸுக்கு ஓடி டிரங்க் கால் புக் செய்ய வேண்டும். லைன் கிடைத்தால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் மறுமுனையில் இருப்பவர் கேட்பதற்கெல்லாம் பதில் வேண்டும்.

மறுமுனையில் இருந்தவர் செய்தி ஆசிரியர் ஞானமூர்த்தி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரல் உயர்த்தியே பேசாத மனிதர். நின்றுகொண்டுதான் வேலை செய்வார். நாங்கள் எழுதிக்கொடுத்ததை உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டி மெதுவாகப் படிப்பார். படிக்கத் தெரியாமல் இல்லை. அவர் பழைய தமிழ்ப் புலவர் பரீட்சையில் தேறியவர். "ரிக்‌ஷா ஸ்டாண்டுல ஒருத்தர் இத எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், சுத்தி நாலு பேர் கேக்கறாங்க. எந்த இடத்துல அவர் பேப்பரை மடிச்சு வெச்சிடுவார்?" என்று கேட்பார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் குப்பைக்கூடைக்கு. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. எந்தச் செய்தியைக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே கேள்வி கேட்பார்:

"ஊர் என்ன சொல்லுது?"

போலீஸ் சொல்வது எல்லாப் பத்திரிகையிலும் வரும். ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்பது எங்கள் பத்திரிகையில் மட்டும்தான் வரும். அதற்காகத்தான் மக்கள் மாலை ரயிலுக்குக் காத்திருந்து வாங்குகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. அது தப்பில்லாத கணக்குதான். ரயிலடியில் நானே பார்த்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது ஏசுபாதத்தின் வழக்கு.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே வற்றிக் கிடந்த ஒரு ஏரி. கரைக்குக் கீழே காலனி. தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பங்கள். ஏசுபாதம் அவர்களில் ஒருவர், முப்பது வயதிருக்கும். இரும்புக் குழாய் செய்கிற ஒரு புதிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்தக் காலனியிலிருந்து கம்பெனிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். மனைவி எஸ்தர். எட்டு வயதில் செல்வராணி என்று ஒரே பெண்.

ஒரு நாள் மதியம் எஸ்தர் கத்தியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஏரிக்குள் விறகு வெட்டப் போனார். திரும்பவில்லை. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்த ஏசுபாதம், இருட்டும்வரை அக்கம்பக்கத்து ஆட்களோடு தேடியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் மறுபடி உள்ளே போனவர், தானே கண்டுபிடித்தார். சேலைத் தலைப்பால் கழுத்தை இறுக்கியிருந்தது. காதிலிருந்த கம்மல் இல்லை.

ரைட்டர் சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. அந்த ஏரி முழுக்க வேலிக்காத்தான் முள். ஆள் நடக்க ஒற்றையடித் தடம்கூடக் கிடையாது. சட்டைக் கையை முள் பிடித்து இழுத்துக் கிழித்தது. உடலைப் போர்த்தி வைத்திருந்த இடத்துக்குப் போய் வருவதற்குள் என் இரண்டு முன்னங்கையிலும் கோடு கோடாக ரத்தம்.

ஏசுபாதம் கரைமேல் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் காக்கிச் சட்டை. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. ஏரியையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. அவர் கைகளிலும் கீறல்கள் இருந்தன.

"கையில இன்னாபா?" என்று கேட்டேன்.

"முள்ளு சார். நேத்து சாய்ந்தரத்துலருந்து இதுலதான் பூந்து பூந்து தேடினேன்."

நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி இன்னா சார் ஆவுது?" என்றார்.

"எட்டேகால். ஏன்?"

"ஆறு மணி ஷிப்டு சார். கம்பெனிக்கு யார்னா தகவல் சொல்லியனுப்பணும். ஆறு மாசம் ஒரு நாள்கூட நிக்காம வந்தா பர்மனென்ட் பண்றதா சொல்லிக்கிறாங்க. அஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சி. அவதான் நாள எண்ணிக்கினு இருந்தா."

இவ்வளவும் அவர் சொன்னார். என் குறிப்பில் நான் எழுதியது இரண்டே வரி. கையில் கீறல்கள். மணி கேட்டான்.

பாசஞ்சர் போய்விட்டது. தபால் ஆபீஸில் டிரங்க் கால் கிடைக்கப் பத்தரை மணி ஆயிற்று. ஞானமூர்த்தி லைனில் வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "கையில் கீறல்கள்" என்றதும் நிறுத்தினார்.

"என்ன கீறல்?"

முள் கீறல் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ரிக்‌ஷா ஸ்டாண்டில் அந்த இடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. அது அவர் கற்றுக்கொடுத்த பாடம். லைனில் இரைச்சல்.

"ஊர் என்ன சொல்லுது?" என்றார்.

"நகக்கீறல்னு பேசிக்கறாங்க சார்."

ஊரில் யாரும் அப்படிப் பேசவில்லை. ஏரிக்கரையில் நின்ற ஒருவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. அது என் வாயில், அந்த நிமிடத்தில் பிறந்த வார்த்தை. ரிசீவரைப் பிடித்திருந்த என் கையிலேயே முள் கிழித்த ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

மாலை ஐந்து மணி ரயிலில் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. "மனைவி பிணத்தருகே மணி கேட்ட கணவன்! கையில் நகக்கீறல்கள், ஊர் மக்கள் சந்தேகம்." முதல் பக்கம், எட்டுப் பத்தியிலும் ஓடிய தலைப்பு. என் செய்தி முதல் பக்கத்தில் அப்படி வந்தது அதுவே முதல் தடவை. ரயிலடியில் கால் மணியில் கட்டு தீர்ந்தது. அன்று வீட்டில் என் மனைவி என் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டாள். நான் இன்னொரு கையில் பேப்பரைப் பிடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். வெட்கமில்லாமல் அதையும் சொல்லிவிடுகிறேன். குரலை ஏற்றி இறக்கித்தான் படித்தேன்.

மறுநாளிலிருந்து ஊர் உண்மையிலேயே பேச ஆரம்பித்தது.

டீக்கடையில், சலூனில், ரேஷன் வரிசையில் வேறு பேச்சில்லை. "அவ்ளோ பெரிய ஏரில நேரா அந்த எடத்துக்கு எப்டி போனானாம்?" எஸ்தர் வழக்கமாக எங்கே வெட்டுவார் என்பது புருஷனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. "கம்மல் போச்சே, அப்ப திருடனாத்தான் இருப்பான்" என்று ஒருவர் சொன்னால், "அத இவனே கழட்டினு இருப்பான்பா, போலீஸ திருப்பி உட" என்று பதில் தயாராக இருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை என்றார்கள். எஸ்தரைப் புதைத்த மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவர் போனார். அதைக் கேட்டவுடன் மிச்சமிருந்த சந்தேகமும் ஊருக்குத் தீர்ந்துவிட்டது.

நான் தினமும் அனுப்பினேன். முதல் நாள், கம்பெனி கேன்டீனில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு அவருக்குத் தொடர்பு என்று ஊர் பேசுவதாக எழுதினேன். இரண்டு நாள் கழித்து, எஸ்தரின் நடத்தையில் அவருக்குச் சந்தேகம் என்று ஊர் பேசுவதாக எழுதினேன். இந்த இரண்டும் ஊர் உண்மையில் பேசியவைதான். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையே என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கேன்டீனில் ஒரு பெண்கூட வேலை செய்யவில்லை என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கம்பெனி கேட் என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம். போய்ப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் ஸ்டேஷனில் ரைட்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அய்யா உங்க பேப்பர மேசைல விரிச்சி வெச்சிக்கினு கீறாரு. கீறல டாக்டராண்ட காட்டுன்னு சொல்லிட்டாரு." அய்யா என்றது இன்ஸ்பெக்டரை. டாக்டர் பார்த்தபோது கீறல்கள் பொருக்குத் தட்டி உதிரத் தொடங்கியிருந்தன. முள்ளாகவும் இருக்கலாம், நகமாகவும் இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டிலேயே ஏசுபாதத்தைப் பிடித்தார்கள். ஐந்து மாதமும் சில நாட்களும் அவர் உழைத்த கம்பெனி, மறுநாளே பெயரை அடித்துவிட்டது.

அதுவரை செய்தியில் அவருக்கு 'ர்' போட்டிருந்தோம். கைதான செய்தியில் ஞானமூர்த்தி பென்சிலால் எல்லா 'ர்' மேலும் 'ன்' எழுதினார். அன்று நான் சென்னை ஆபீஸில்தான் இருந்தேன்.

"இன்னும் தீர்ப்பு ஆகலையே சார்" என்றேன்.

"போலீஸ் பிடிச்சாச்சு. ஊர் அவன் இவன்னுதானே பேசுது?" என்றார், சாதாரணமாக.

உண்மைதான், ஊர் அப்படித்தான் பேசியது. ஆனால் அவர் ஊர்த்தெருவில் வீடு உள்ளவராக, ஒரு மிராசுதார் பிள்ளையாக இருந்திருந்தால், டிரங்க் காலில் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்குமா என்று பின்னால் பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வந்திருக்காது.

வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டுக்கு வரப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை அவர் ஜெயிலில். ஜாமீன் எடுக்க ஆளில்லை. பெண்ணை எஸ்தரின் தாயார் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்திரிகைக்காரன் என்பதால் எனக்கு வக்கீல்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. கூண்டில் ஏசுபாதம் இளைத்துப்போய் நின்றார். அவருக்காகச் சர்க்கார் செலவில் ஒரு வக்கீலை நியமித்திருந்தார்கள்; வயதானவர், அடிக்கடி இருமுவார். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சாட்சி சொல்ல வந்தார். ஏசுபாதத்தின் கையில் நகக்கீறல் பார்த்தேன் என்று பிராசிக்யூஷனுக்குச் சொல்லிவிட்டார். அது போலீஸ் எழுதிய அவருடைய வாக்குமூலத்திலும் இருந்தது. வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"ஏம்மா, அது நகக்கீறல்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே சாமி."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பேப்பர் இருக்கட்டும். நீ கண்ணால பார்த்தது என்ன?"

"கையெல்லாம் கோடு கோடா இருந்திச்சி."

"முதல் நாள் சாயங்காலம் அவர் முள்ளுக்குள்ள போய்த் தேடினாரா?"

"தேடினாரு. எங்க ஊட்டுக்காரருந்தான் கூட தேடினாரு."

"உன் வீட்டுக்காரர் கை எப்படி இருந்தது?"

கன்னியம்மா யோசித்தார். அந்த யோசனையில் கபடம் இல்லை. "அதுலயுந்தான் கோடு கோடா இருந்திச்சி" என்றார்.

மறுபடி சிரிப்பு. கூண்டில் நின்றவர் மட்டும் சிரிக்கவில்லை. பெஞ்சில் நானும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "என் கையிலும் இருந்தது, அந்த வார்த்தை என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். கோர்ட்டில் அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். சரி, அன்று முடியாது. அதற்கு முந்தைய பத்து மாதமும்? ஒரு நாள் அந்த வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் முள் என்று என்னிடம் சொன்னார் ஐயா, நானே கேட்டேன் என்று சொல்லியிருக்க முடியாதா? யாரும் என்னைத் தடுக்கவில்லை.

தீர்ப்பன்று விடுதலையாகி வெளியே வந்தவர் மரத்தடியில் தனியாக நின்றார். அவரைக் கூட்டிக்கொண்டு போக ஒருவரும் வரவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"சார், உட்டுட்டாங்கன்னு பேப்பர்ல போடுவீங்களா?"

"போடுவேன்."

"அதே மாரி மொத பக்கத்துல, பெரிய எழுத்துல போடுங்க சார். எம் பொண்ணு கண்ணுல படணும்."

"போடுறேன்" என்று சொன்னேன். கன்னியம்மா சாட்சியம், டாக்டரின் குறிப்பு, கேன்டீனில் பெண்ணே இல்லாதது, எல்லாம் சேர்த்து மூன்று தாள் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் நாலு வரி வந்தது. "போதிய சாட்சியம் இல்லாததால் விடுதலை செய்யப்பட்டான்." பெயரில்கூட எழுத்துப் பிழை. அதைப் படித்த ஊர், "சாட்சி பத்தல, அதான் உட்டுட்டாங்க" என்றது.

நேரில் போய் ஞானமூர்த்தியைக் கேட்டேன். அவர் சங்கடப்படவே செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குத் துரோகம். பென்சிலை மேசையில் உருட்டிக்கொண்டு, "பாவம்தான்ப்பா. ஆனா நாம பொய் எழுதலையே? ஊர் சொன்னதைத்தானே எழுதினோம்" என்றார்.

ஊர் சொல்லவில்லை சார், நான்தான் சொன்னேன். இதுதான் அங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லியிருந்தால் அந்த மனிதர் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன். அவர் கண்டிப்பானவர், ஆனால் தெரிந்து பொய் எழுத விட்டவரல்ல. எனக்கு வேலை போயிருக்கும். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கடைசிவரை அவர் அந்த வார்த்தை ஊருடையது என்று நம்பியபடியே ஓய்வு பெற்றுப் போனார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் பழியில் பாதியை அவர் மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

நாலைந்து வருடம் கழித்து ஒரு காலை, ரைட்டர் முனிரத்தினம் ஒரு காகிதத்தை வழக்கம் போலத் தனக்குத்தானே படித்தார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், விறகு வெட்டப் போன பெண்களைத் தாக்கி நகையைப் பறித்த ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். அவன் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னதில், கும்மிடிப்பூண்டி ஏரியில் ஒரு பெண், சேலைத் தலைப்பு, சிவப்புக்கல் கம்மல் எல்லாம் வருகிறது. கம்மலை உருக்கியாகிவிட்டது. வேறொரு கொலைக்கு அவனுக்கு ஆயுள் தண்டனை ஆகிவிட்டதால் இந்தப் பக்கம் யாரும் பழைய வழக்குக் கட்டைப் பிரிக்க விரும்பவில்லை.

"எழுதுவீங்களா நைனா?" என்று கேட்டார் முனிரத்தினம். அவர் குரலில் எழுதுங்களேன் என்ற கெஞ்சல் இருந்தது.

நான் எழுதவில்லை. இந்தத் தடவை பென்சிலோடு யாரும் நிற்கவில்லை. புது ஆசிரியர் என்னிடம் மரியாதை வைத்திருந்தவர், அனுப்பியதைப் போட்டிருப்பார். ஆனால் எழுதினால் பழைய செய்தியைச் சொல்ல வேண்டும், நகக்கீறல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டேன். பிறகு அது பழைய விஷயமாகிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் அத்திப்பட்டு உப்பளத்தில் வேலைநிறுத்தம். செய்திக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து வந்தார். கால் இரண்டும் உப்புநீரில் வெடித்துப்போயிருந்தன. ஏசுபாதம். ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கும்முடிபூண்டிலதான், கம்பெனில பேக்கிங் வேல செய்யுதாம் சார். ரெண்டு தபா போனேன். என்னப் பாத்ததும் கதவ சாத்திக்கிச்சி."

அப்போது சொன்னேன். எல்லையில் பிடிபட்டவன், அவன் சொன்னது, கம்மல், எல்லாவற்றையும். அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டே வரப்பில் குந்தி உட்கார்ந்தார். பிறகு, "உங்களுக்கு எப்ப சார் தெரியும்?" என்றார்.

"நாலு வருஷமாச்சி."

"நகக்கீறல்னு யாருமே சொல்லல, நானாத்தான் சொன்னேன்" என்பதையும் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை இன்னொருவர் காதுபடச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். செம்பைத் திரும்ப வாங்கிக் கவிழ்த்து மிச்சத் தண்ணீரை ஊற்றினார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? எம் பொண்ணாண்ட போய் சொல்லுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். செல்வராணிக்கு அப்போது பதினெட்டு வயதிருக்கும். துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யார் என்று சொன்னேன், எந்தப் பத்திரிகை என்று சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று முழுக்கச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. டிரங்க் காலைச் சொன்னேன், என் கையைச் சொன்னேன், நாலு வருடம் வாய் மூடி இருந்ததைச் சொன்னேன்.

நான் முடித்த பிறகு கேட்டாள்.

"நெசமாவே ஊர்ல யாரும் சொல்லலியா?"

"சொல்லலம்மா."

"எங்கம்மாவப் பெத்த ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றாள். "அன்னிக்கு யாரோ பேப்பர் குடுத்தாங்க. நாந்தான் எழுத்துக்கூட்டிப் படிச்சிக் காட்னேன். சுத்தி எல்லாம் நின்னுக்கினு இருந்தாங்க. நகக்கீறல்னா இன்னா ஆயான்னு கேட்டேன். எங்கம்மா நகம்னு ஆயாதான் சொல்லிச்சி."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு காலண்டர் தாளும் பென்சிலும் கொண்டுவந்து நீட்டினாள்.

"நைனா எங்க கீதுன்னு எழுதுங்க."

அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது பாத்தி, எந்தக் கொட்டகை என்று எழுதினேன். என் கையெழுத்து அன்று எனக்கே புரியவில்லை. இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தேன். வேண்டுமானால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"நீங்க வராதீங்க" என்றாள்.

அவள் அடுத்த வாரமே உப்பளத்துக்குப் போனாளாம். முனிரத்தினம் விசாரித்து வந்து சொன்னார். வரப்பில் இரண்டு பேரும் வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். பார்த்தவர்கள் யார், என்ன பேசினார்கள், அழுதார்களா என்று கேட்க அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். நான் கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.